தொடாமல் ஆடும் இருவர்: தேயிலை மலையில் ரதியும் மதனும்

இருவர் சேர்ந்தாடும் ஆட்டம் என்ற பேச்சை எடுத்தால் நமது மலைகளில் இரண்டு விதமான பதில் கிடைக்கிறது. பெரியோர், "அது வெள்ளைக்காரத் துரைமாரின் கிளப் ஆட்டம், தமிழனுக்கு அது எதற்கு?" என்பார்கள். பதுளை நகரத்துக் கலியாண மண்டபங்களில் மணமக்கள் கைகோத்து ஆடுவதைப் பார்த்து வந்த இளைஞர்களோ, "அதுவல்லவா நாகரிகம்! நம்மவர்க்கு அது தெரியாது" என்பார்கள். முன்னவர் வெறுப்பதும் பின்னவர் விரும்புவதும் ஒன்றையே. அது நம்முடையதன்று என்பதில் இரு சாராரும் ஒரே கட்சி. சரித்திரம் மட்டும் எதிர்க்கட்சி.

சங்க நூல்களிலே துணங்கை என்றொரு கூத்துப் பேசப்படுகிறது. முழவு முழங்க, மகளிர் கைபிணைந்து ஆடுவது அது. ஆடவரும் அதிற் சேர்வதுண்டு. முதற்கை கொடுத்து ஆட்டத்தை நடத்துவதற்குத் தலைக்கை தருதல் என்று பெயர். ஆங்கில நடனத்தில் ஆண்மகன் கைகொடுத்து முன்னின்று நடத்துவதைப் பெரும் புதுமையாகக் கூறுவோர் இந்தச் சொல்லை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்திலே காக்கைபாடினியார் நச்செள்ளையார் ஒரு காட்சியைக் காட்டுகிறார். சேர மன்னன் ஆடுகோட்பாட்டுச் சேரலாதன் துணங்கையாடும் மகளிருக்குத் தலைக்கை தந்து ஆடுகிறான். அதைக் கண்ட அவன் தேவிக்கு அடங்காத சினம். கையிலிருந்த சிறு செங்குவளை மலரை அவன்மேல் எறிய ஓங்குகிறாள். அவனோ கை நீட்டி அந்தப் பூவை எனக்குத் தா என்று இரக்கிறான். அவள் கொடாமலே போய்விடுகிறாள். ஒரு பூவை வாங்கமாட்டாத இவன் பகைவர் கோட்டைகளை எப்படித்தான் வாங்குகிறானோ என்று புலவர் நகைக்கிறார். அரசன் அங்கே வேறொருத்தியோடு ஒரு வார்த்தை பேசியதாகப் பாட்டிலே இல்லை. கை கொடுத்தான், ஆடினான், அவ்வளவே. அந்தக் கைகொடுத்தலே ஒரு பேச்சு என்பது தேவிக்குத் தெரிந்திருந்தது.

இதைவிட மனத்தை உருக்குவது ஆதிமந்தியின் கதை. குறுந்தொகையில் அவள் பெயரால் ஒரு பாட்டு உண்டு. வீரர் கூடும் விழாவிலும் மகளிர் துணங்கையிலும் தேடினேன், அவனை எங்கும் காணேன் என்கிறாள். தானும் ஆடுகளத்தவள், தன்னைக் கைவிட்டவனும் ஆடுகளத்தவன் என்று தங்கள் இருவரையும் அறிமுகஞ் செய்கிறாள். ஆட்டனத்தி என்னும் அந்த ஆடல்வல்லானைக் கழார்த் துறையிலே காவிரி கொண்டு போயிற்று என்று அகநானூறு கூறும். கடல் அவனைத் திருப்பிக் கொடுத்தது என்று சிலப்பதிகாரம் முடிக்கும். சேர்ந்தாடிய இருவரில் ஒருவர் போய்விட, மற்றவர் ஆடுகளம் ஆடுகளமாகத் தேடுவதாகிய இந்தக் கதையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். நம் மலைக்கு வரும்போது இது வேறு பெயரில் மீண்டும் வரும்.

அந்தப் பெயர் ரதி. காமனை வணங்கும் வழக்கம் தமிழ்நாட்டிற் பழையது. பிரிந்த கணவனைச் சேரக் காமவேள் கோட்டம் தொழுவோம் வா என்று தேவந்தி அழைக்க, அது பெருமையன்று என்று கண்ணகி மறுக்கும் இடம் சிலப்பதிகாரம் படித்த மாணவர் எவரும் அறிந்தது. ஆண்டாள் நாச்சியார் திருமொழியைத் தொடங்குவதே காமதேவனை நோக்கித்தான். தையிலும் மாசியிலும் நோற்ற நோன்பு அதிற் பேசப்படுகிறது. காளிதாசன் குமாரசம்பவத்தில் ஒரு சருக்கம் முழுவதையும் ரதியின் புலம்பலுக்கே கொடுத்துவிட்டான். மாயூரத்துக்கு அண்மையிலுள்ள திருக்குறுக்கையில் காமனைச் சிவபெருமான் எரித்தார் என்பது தலவரலாறு. அட்ட வீரட்டங்களுள் ஒன்று அது. நூலில் இப்படியெல்லாம் இருக்க, ஊரிலே மாசி பிறந்தால் வைக்கோலும் கரும்பும் ஆமணக்கும் சேர்த்துக் கம்பம் நட்டு, காமனைக் கொளுத்தும் வழக்கம் தனியே நடந்து வந்தது. எரிந்தான் காமன் என்று ஒரு கட்சியும், எரியவில்லை என்று மறு கட்சியும் விடிய விடியப் பாட்டிலே வாதாடிய லாவணி அந்த வழக்கத்தோடு ஒட்டி வளர்ந்தது.

இந்த வழக்கத்தை மூட்டையிற் கட்டிக்கொண்டு எவரும் கப்பல் ஏறவில்லை. காலிலே கொண்டு வந்தார்கள். கோப்பிக் காலத்தில் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சை முதலிய பகுதிகளிலிருந்து வந்தோர் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தார்கள். வழியில் மடிந்தவர் தொகை பெரிது. கோப்பி பறிப்பு பருவ வேலையாதலால் அக்காலத்தில் ஆண்களே பெரும்பாலும் வந்தார்கள். பலர் மனைவியரை ஊரிலே விட்டு வந்தவர்கள். 1869இல் கோப்பி இலையிலே நோய் கண்டது. சில ஆண்டுகளில் கோப்பி அழிந்து தேயிலை மலையேறிற்று. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும், அதற்குப் பெண்கள் வேண்டும். அப்போதுதான் குடும்பம் குடும்பமாக லயங்களில் நிலைத்தார்கள். நமுனுகுல மலைச்சாரலில் நமது ஸ்பிரிங்வெளியும், பசறை, மடுல்சீமை, லுணுகலை, தெமோதரைப் பக்கத்துத் தோட்டங்களும் இவ்வாறு தேயிலையானவையே. போகாதே என்று ரதி மன்றாடுவதும், போய்த்தான் தீருவேன் என்று மதன் நிற்பதும் ஆகிய ஒரு கூத்தை, மனைவியை விட்டுக் கடல் கடந்த மனிதர் தமது தலையாய கூத்தாக வைத்துக்கொண்டதில் நமக்கு ஆச்சரியம் இல்லை.

இனிக் கூத்துக்கு வருவோம். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையன்று காமன் பொட்டலில் கம்பம் நடுவார்கள். வேடங்கட்டுவோர் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். அன்று தொட்டு முழுநிலவு வரையில் இராக்காலங்களில் ரதி மதன் ஆட்டம் நடக்கும். இருவருமே ஆண்கள்தாம். ஒருவர் கரும்பு வில்லும் மலர்க்கணையும் தாங்கிய மதன், மற்றவர் சேலை கட்டிய ரதி. பல தோட்டங்களில் இருவரும் லயம் லயமாக, வாசல் வாசலாகப் போய் ஆடுவார்கள். வீட்டார் விளக்கேற்றிக் காத்திருப்பார்கள்.

ஆட்டத்தை நடத்துவது தப்பு. தீ மூட்டித் தப்பைக் காய்ச்சித் தோலை இறுக்கி, முதல் அடி விழுந்ததும் இருவரும் எதிரெதிர் நிற்பார்கள். மதன் முன்னே வந்தால் ரதி பின்னே போவாள். ரதி முன்னே வந்தால் மதன் ஒதுங்குவான். இடம் மாறுவார்கள். ஒருவரை ஒருவர் சுற்றிவருவார்கள். தோளோடு தோள் நெருங்கும் கணத்தில் தப்புக்காரர் அடியை மாற்றுவார். இருவரும் ஒரே மூச்சில் விலகுவார்கள். ஒருவரை ஒருவர் தொடுவதே இல்லை. கை பேசவேண்டிய இடத்தில் சலங்கை பேசுகிறது. மதனின் கால் ஒரு கேள்வி கேட்கிறது, ரதியின் கால் அதற்குப் பதில் சொல்கிறது. பதில் அரை அடி பிந்தினாலும் சுற்றி நிற்கும் கிழவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அக்கிழவர்களில் அரைவாசிப் பேர் ஒருகாலத்து மதன்மார், மற்றவர்கள் ஒருகாலத்து ரதிகள்.

நாட்கள் செல்லச் செல்ல ஆட்டத்தின் பொருளும் மாறும். முதல் இரவுகளில் அது காதல். பிறகு தேவர்கள் சிவனின் தவத்தைக் கலைக்க மதனை அனுப்பும் கட்டம். ரதி தீய கனவு கண்டதைச் சொல்லித் தடுக்கிறாள். சிவன் பெரியவர், அவரோடு உமக்கு என்ன போட்டி என்று வாதாடுகிறாள். மதன் கேட்பதில்லை. இந்தத் தர்க்கம்தான் கூத்தின் உயிர்நாடி. பாட்டாக அது நீண்டு போகும். ஆனால் பாட்டு இல்லாத இடைவெளிகளில் இருவரும் ஆடும் ஆட்டத்திலேயே நாம் அதைத் தெளிவாகக் கண்டிருக்கிறோம். முதல் இரவுகளில் மதன் வரும்போது பின்னே சென்ற அதே ரதி, இப்போது அவன் போகும் வழியை மறித்து மறித்து வருகிறாள். அடவு அதேதான், திசை மட்டுமே மாறியிருக்கிறது. முழுநிலவன்று நெற்றிக்கண் திறக்க, கம்பம் எரிகிறது. இருவர் ஆடிய களத்தில் ரதி தனியே நின்று புலம்புகிறாள். அந்த ஒப்பாரிக்கு லயத்துப் பெண்கள் அழுவது வேடிக்கைக்காக அன்று. அவரவர் வீட்டுச் சாவுகளை அவரவர் அழுகிறார்கள். பின்னர் மதன் உயிர்பெறுகிறான். ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான் என்பது கதை.

இங்கே ஒன்றைச் சொல்லாமற் செல்வது நேர்மையாகாது. இதே தப்புத்தான் விடியற்காலையில் பெரட்டுக்கு ஆளை எழுப்பியது. காலையில் அது கங்காணியின் குரல், இரவில் ரதியின் கால். அதை அடித்தவர்களைத் தோட்டத்திலேயே தாழ்த்தி வைத்தவர்களும் நம்மவர்களே. தப்புக்காரர் கையை நம்பி ஆடாத மதன் ஒருவனும் இல்லை; ஆயினும் ஆட்டம் முடிந்ததும் அவரை ஒதுக்கி நிறுத்திய தோட்டங்கள் உண்டு. ஆடிய இருவருக்குள் பேச்சு இருந்தது. அடித்தவரோடு பேச்சு இருந்ததா என்பதைப் பெரியோர் சிந்திப்பார்களாக.

அதே மலைகளில், வேறொரு வெளிச்சத்தில், இன்னொரு சோடி ஆட்டமும் நடந்தது. துரைமாரின் கிளப்புகளிலே மரப்பலகை பாவிய தரையில் கனவான்களும் சீமாட்டிகளும் வால்ஸ் ஆடினார்கள். நம்மவர் அங்கே போனது தட்டு ஏந்தவும் குதிரை பிடிக்கவும்தான். வால்ஸ் என்பது ஆஸ்திரிய, ஜெர்மானியக் குடியானவர்களின் சுழலாட்டத்திலிருந்து எழுந்து வியன்னாவிலே அரண்மனை ஏறியது. அதன் சூட்சுமம் தொடுகையில் இருக்கிறது. ஆண்மகனின் வலக்கை பெண்ணின் முதுகிலே பதிந்திருக்கும். மூன்று எண்ணிக்கைத் தாளத்தில் எந்தப் பக்கம் திரும்புவது, எப்போது நிற்பது என்பதை அந்தக் கையின் மெல்லிய அழுத்தமே தெரிவிக்கும். வாய் திறந்து சொல்பவன் ஆடத் தெரியாதவன். அதாவது அங்கே கையினால் நடக்கும் சம்பாஷணை, இங்கே தப்பினாலும் காலினாலும் நடக்கிறது.

நாம் கற்ற மிஷன் பாடசாலையில் காமன் கூத்தைக் காட்டுக்கூத்து என்றும் ஆபாசம் என்றும் ஓர் ஆசிரியர் கூறியதுண்டு. அவருக்கு வால்ஸ் நாகரிகத்தின் அடையாளம். ஆனால் 1816ஆம் ஆண்டு இங்கிலாந்தின் இளவரசர் அளித்த விருந்திலே வால்ஸ் ஆடப்பட்டபோது, இலண்டன் டைம்ஸ் பத்திரிகை அதை ஒழுக்கக்கேடான அந்நிய நாட்டு ஆட்டம் என்று கண்டித்து எழுதியது. கவிஞர் பைரன் பெரிய ஒழுக்கசீலர் அல்லர்; அவரே அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பாக வால்ஸைக் கேலிசெய்து ஒரு நெடும்பாட்டு எழுதினார். ஒருவரை ஒருவர் தழுவி ஆடும் வால்ஸும், தொடவே செய்யாத ரதி மதன் ஆட்டமும் ஆபாசம் என்ற ஒரே வசையைத்தான் வாங்கின! இரண்டு பேர் மூன்றாம் மனிதருக்குக் கேளாத ஒரு பேச்சைப் பேசிக்கொள்கிறார்கள் என்பதே வசைபாடுவோர்க்குப் பொறுக்காத விஷயம் என்று நமக்குத் தோன்றுகிறது. சேரன் தேவியின் கோபமும் அவ்வகையினதே. அவளுக்காவது உரிமை இருந்தது.

இலங்கையிலே சோடி ஆட்டம் துரைமாரோடுதான் வந்தது என்பதும் சரியன்று. மட்டக்களப்பிலே போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் தமது கலியாணங்களில் கஃப்ரிஞ்ஞா என்னும் சோடி ஆட்டத்தை ஆடி வந்தார்கள். தச்சு வேலையும் இரும்பு வேலையும் செய்து வாழ்ந்த குடும்பங்கள் அவர்களுடையவை. எந்தக் கிளப்பிலும் அங்கத்தவராக இருந்தவர்கள் அல்லர்.

நமது சோடிகள் உடைந்த வரலாறு 1948இல் தொடங்குகிறது. அவ்வாண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியாரும் ஒப்பந்தம் செய்தார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்கு எழுதப்பட்டது. 1974இல் அந்த மிச்சத்தையும் இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒரே லயத்தில் அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டும் தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமையும் கிடைத்த கதைகளைப் பெரியோர் கண்ணீரோடு சொல்வார்கள். மலைநாட்டு ஸ்டேஷன்களிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட வண்டியை ஒப்பாரிக் கோச்சி என்றே அழைத்தார்கள். பிளாட்பாரத்தில் நின்றவரும் வண்டியில் இருந்தவரும் கைகளைப் பிடித்தபடி, வண்டி நகரும் வரை விடாமல் நின்றார்கள். தோட்டங்களிலே பிரிந்தவற்றைக் கணக்கெடுத்தவர்கள் ஆட்களைத்தான் எண்ணினார்கள். பத்து, பதினைந்து மாசிகள் ஒருவரோடு ஒருவர் ஆடிப் பழகிய ஒரு ரதியும் மதனும் பிரிந்தால் அதை எந்தப் பத்திரத்தில் எழுதுவது?

ஏனெனில் இந்த ஆட்டம் தனித்தனியே கற்கக்கூடியதன்று. பரதம் பயில்பவர் கண்ணாடி முன் நின்று பயிலலாம். ரதி ஆடுபவருக்குக் கண்ணாடி மதன்தான். எதிராளியின் மூச்சு எப்போது ஏறும், இடக்கால் எப்போது இழுக்கும், அடியை மாற்றும் முன் தப்புக்காரரின் தோள் எப்படி அசையும் என்பதையெல்லாம் கூட நின்றே அறியவேண்டும். கோலாட்டத்திலும் இது உண்டு. எதிரே நிற்பவள் கவனம் தப்பினால் உங்கள் விரல்தான் நசுங்கும். அந்த வலி நல்ல வாத்தியார். ஆனால் கோலாட்டத்தில் ஆள் மாறினாலும் ஆட்டம் நடக்கும். ரதி மதனில் புதிய ஆள் வந்தால் ஆட்டம் மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிறது. அக்கரை சென்ற மதனுக்கு நீலகிரியில் வேறு ரதி கிடைத்திருக்கலாம். அவர்கள் இருவரும் பேசிய பேச்சு இங்கே இருந்த பேச்சாக இராது.

ஆயினும் கூத்து நின்றுவிடவில்லை. ஊவா தோட்டங்கள் பலவற்றில் இன்றும் மாசியில் கம்பம் நடுகிறார்கள். பாடசாலை விழாக்களிலும் அரசாங்க விழா மேடைகளிலும் அது ஏறியிருக்கிறது. மேடை ஏறியதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் மேடையில் ஒரு காரியம் நடக்கிறது, அதைக் கவனித்தவர் குறைவு. பத்து நிமிடமே கிடைக்கிறது, எதிரிலே பிரமுகர் வரிசை இருக்கிறது, ஒலிபெருக்கி இருக்கிறது. ரதியும் மதனும் மெல்ல மெல்ல ஒருவரை ஒருவர் பார்ப்பதை விட்டுச் சபையைப் பார்த்து ஆடத் தொடங்குகிறார்கள். பொட்டலில் நாலு பக்கமும் சனம் நிற்பதால் அவர்கள் பார்க்கத்தக்கவர் ஒருவரை ஒருவரே. மேடையில் சபைக்கு ஒரு பக்கந்தான். அடவு பிழைப்பதில்லை, உடுப்புப் பளபளக்கிறது, கைதட்டல் கிடைக்கிறது. இருவரும் தனித்தனியே நன்றாக ஆடுகிறார்கள். நமது மன்றத்து இளைஞர் அடுத்த முறை மேடையில் ஆடும்போது, பிரமுகர்களுக்குப் பக்கவாட்டைக் காட்டி ஆடினால் என்ன? பிரமுகர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

பெண்பிள்ளைகள் ரதியாக ஆடலாமா என்ற கேள்வியும் எழுந்திருக்கிறது. கூடாது, விரதம் கெடும் என்பது பெரியோர் பலரின் கட்சி. ஆண் ரதியின் புலம்பலைக் கேட்டு நாமும் அழுதிருக்கிறோம். அந்தக் கலையின் பெருமையைக் குறைத்துச் சொல்லோம். ஆயினும் ஆதிமந்தி தன்னை ஆடுகளத்தவள் என்று சொன்ன தமிழில், பெண் ஆடுவது புதுவழக்கம் என்று சாதிப்பது கடினம். வீட்டு வாசலில் விளக்கேற்றி நின்று, அந்த ஆட்டத்தை அடவுக்கு அடவு கண்ணாலே கற்றவர்கள் பெண்களே. பொட்டலில் விரதத்தோடு நடப்பது பழைய முறையில் நடக்கட்டும். மன்றத்து மேடையிலாவது அவர்கள் ஆடிக்காட்ட இடம் கொடுத்தால் எவருடைய காப்பும் அறுந்துவிடாது என்பது எமது கருத்து.

1964இல் எழுதிய கணக்கு 2003ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தோடு ஒருவாறு தீர்ந்தது. இப்போது பிரிவது வேறு காரணத்தால். ஆண்கள் கொழும்புக் கடைகளுக்குப் போகிறார்கள். பெண்களிற் பலர் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போகிறார்கள். பிள்ளைகளோடு லயத்தில் இருப்பவன் கணவன். மாசியில் தப்புச் சத்தம் கேட்டதும் கைத்தொலைபேசியில் அவன் மனைவிக்குப் படம் பிடித்து அனுப்புகிறான். அந்தப் படத்தில் வழியை மறித்து நிற்பது ரதி, போகிறவன் மதன். பார்த்துக்கொண்டிருப்பவள் போனவள்.